அனுபவம்: மற்றவை

எங்கள் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம்
சென்னையில் யாரோ செய்தது.
'அனுபவம்' என்ற கட்டத்தைத் தொட்டால்
பதினொரு துறைகள் கீழே இறங்கும்.
வேதியியல், சரக்கு, விற்பனை, வங்கி,
உணவகம்கூட உண்டு.
ராணுவம் இல்லை.

ஹவில்தார் தேசிங்கு, வயது நாற்பத்தொன்று,
இ.எம்.இ. பிரிவில் இருபது ஆண்டு,
ஜெனரேட்டர், டாங்கி எஞ்சின், பனி ஸ்கூட்டர் என்று
தாளில் நெருக்கி எழுதியிருந்த அத்தனையையும்
நான்தான் ஒரே சொடுக்கில்
'மற்றவை' ஆக்கினேன்.
கடலூர் சிப்காட்டில்
மற்றவைக்கு ஒதுக்கிய இடம்
கேட்.

ஏழு மாதம்.
காலை எட்டே முக்காலுக்கு என் ஸ்கூட்டி நுழையும்போது
அவர் கை நெற்றிக்கு ஏறும்.
என் ஒரு கை பிரேக்கில், ஒரு கை ஆக்சிலேட்டரில்.
பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போவேன்
பூம்பூம் மாடு மாதிரி.

டிசம்பரில் கொடிநாள்.
ஆட்சியர் அலுவலகம் அனுப்பிய சின்னக் கொடிகளைச்
சட்டையில் குத்திக்கொண்டோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சம்பளத்தில்
தலைக்கு ஐம்பது, கேட்காமலே பிடித்தோம்.
தேசிங்கின் சம்பளத்திலும்.
அதைப் பிறகுதான் கவனித்தேன்.

கதவு அகலத்துக்குத் தெர்மாகோலில் ஒரு காசோலை.
"நம்ம கேட் ஆளையும் நிறுத்துங்க,
போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்" என்றார்
மேலாளர் வரதப்பன்.
உப்பனாற்றுக் காற்று காசோலையை முறிக்கப் பார்த்தது.
தேசிங்கு ஒரு மூலையைப் பற்றிக்கொண்டார்,
கூடாரத்தைப் பிடிப்பவர் போல.

படம் முடிந்து திரும்பும்போது சொன்னார்:
"மேடம், ஜெனரேட்டர் சத்தம் மாறியிருக்கு.
மூணு நாளா. மூணாவது சிலிண்டர்."
அவருக்கு இடது காது கேட்காது,
மருத்துவச் சான்றிதழில் இருக்கிறது.
கேட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே
இருநூறு அடி, ஒரு பாய்லர்,
உறுமிக்கொண்டு நிற்கும் லாரிகள்.

பராமரிப்புப் பிரிவில் சிரித்தார்கள்.
ஒத்துப்போக நானும் கொஞ்சம் சிரித்தேன்.
ஆனால் வங்கக் கடலில் புயல் சின்னம்.
கடலூர்க்காரர் யாரும் டிசம்பரில்
ஜெனரேட்டரோடு விளையாட மாட்டார்கள்.
திறந்து பார்த்தார்கள்.
பழுது இரண்டாவது சிலிண்டரில்.

ஒன்று பிசகிவிட்டதே என்று
இரண்டு நாள் வருத்தப்பட்டார்.

படிவத்தை மறுபடி திறந்தேன்.
பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்க்க
எனக்கு அதிகாரம் இல்லை.
சென்னைக்கு எழுதினேன்.
'பரிசீலனையில் உள்ளது' என்று பதில்.
இன்றுவரை அங்கேயே உள்ளது.

வெள்ளைத் தாளில் எழுதி
வரதப்பன் மேஜையில் வைத்தேன்:
பராமரிப்பு மேற்பார்வையாளர் இடம் தேசிங்குக்கு.
காது பரிசோதனைக்கு ராணுவ மருத்துவமனை போய்வர
ஆண்டுக்கு நான்கு நாள், சம்பளத்தோடு.
காலியிடம் எது வந்தாலும் முதல் கடிதம்
முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு.
கொடிநாள் பணம் ஊழியரைக் கேட்டுப் பிடிப்பது,
அவர்கள் தரும் அளவு நிறுவனமும் போடுவது.
தெர்மாகோல் வேண்டாம்.

கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

இம்முறை தேசிங்கை உட்காரவைத்துக் கேட்டேன்,
மைனஸ் முப்பதில் எஞ்சின் எப்படிக் கிளம்பும்?
"அடியில ஸ்டவ் வெச்சு ஆயிலைச் சூடாக்கணும் மேடம்.
அப்புறம் திட்டணும்.
இந்தியைவிடத் தமிழுக்குச் சீக்கிரம் கிளம்பும்."

கேட்டில் இப்போது வேறொருவர்,
நெல்லிக்குப்பத்துக்காரர்.
அவரும் சல்யூட் வைக்கிறார்.
நேற்று வண்டியை ஓரங்கட்டி, இறங்கி,
ஹெல்மெட்டைக் கழற்றிக் கேட்டேன்,
ராணுவத்தில் என்ன வேலை?

"குக்" என்றார் கூச்சத்தோடு.
"எண்ணூறு பேருக்கு."

எங்கள் கேன்டீன் சாம்பார்
நினைவுக்கு வந்தது.